இளைப்பது வேறு, தேய்வது வேறு: ஐம்பதுக்கு மேல் எடை குறைப்பவர்கள் கவனிக்க

சென்னையில் ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் ஐந்து கிலோ எடையைக் குறைத்துவிட்டு ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால், பன்னீர் தெளிக்கும் இடத்தைத் தாண்டுவதற்குள் யாராவது ஒரு பெரியம்மா பிடித்துக்கொள்வார். "என்னப்பா, இப்படி இளைத்துவிட்டாய்? சுகரா?"

அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான். நம் மொழியே அப்படித்தான் பழக்கப்பட்டிருக்கிறது. உடம்பு 'தேறியிருக்கிறது' என்றால் சதை போட்டிருக்கிறது என்று பொருள். இளைப்பதற்கு நம்மிடம் இருக்கும் சொற்களோ வாடிப்போனான், கரைந்துபோனான், துரும்பாகிவிட்டான் என்று எல்லாமே துக்கம் விசாரிக்கும் சொற்கள். காசநோய்க்கு எலும்புருக்கி என்று பெயர் வைத்த மொழி இது. பஞ்சத்தையும் அந்த நோயையும் பார்த்த தலைமுறைகளுக்கு மெலிவு என்பது நல்ல சேதியாக இருந்ததே இல்லை.

அந்தப் பெரியம்மாவின் சந்தேகத்தில் மருத்துவ நியாயமும் உண்டு. எந்த முயற்சியும் எடுக்காமல் ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் உடல் எடையில் 5 சதவீதத்துக்கு மேல் குறைந்தால், அதாவது 70 கிலோ இருந்தவர் மூன்றரை கிலோ தானாகக் குறைந்தால், மருத்துவரைப் பார்க்க வேண்டும். கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், மன அழுத்தம் என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம்.

நான் சொல்ல வந்தது அதைவிடச் சற்று நுட்பமான சங்கதி. முயன்று எடை குறைப்பவர்களிலும் சிலர் உண்மையில் இளைப்பதில்லை, தேய்கிறார்கள். எடை இயந்திரத்தில் இரண்டும் ஒரே எண்ணாகத்தான் தெரியும். முப்பது வயதில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இருந்துவிடலாம். ஐம்பதுக்கு மேல் விஷயமே அந்த வேறுபாடுதான்.

ஆட்டுக்கல் மொட்டை மாடிக்குப் போன கதை

"நாற்பது தாண்டினால் உடம்பு மந்தமாகிவிடும், சாப்பிட்டது எரியாது, அதனால்தான் தொப்பை." நானும் பல ஆண்டுகள் இதையே சொல்லித் திரிந்தவன். 2021இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஓர் ஆய்வு அந்தச் சமாதானத்தைக் கெடுத்துவிட்டது. 29 நாடுகளைச் சேர்ந்த 6,400க்கும் அதிகமானவர்களின் ஆற்றல் செலவை அதில் அளந்திருந்தார்கள். பிறந்து எட்டு நாளான குழந்தையும் இருந்தது, 95 வயது முதியவரும் இருந்தார். உடலின் அளவையும் தசையின் அளவையும் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், 20 வயதிலிருந்து 60 வரை உடல் எரிக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட மாறவே இல்லை. 60க்குப் பிறகுதான் ஆண்டுக்குச் சுமார் 0.7 சதவீதம் என்ற கணக்கில் இறங்குகிறது.

அப்படியானால் நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் வந்த வயிறு எங்கிருந்து வந்தது? வயதின் மேல் பழிபோட வழியில்லை. நாம் வாழ்கிற விதத்தைத்தான் பார்க்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு காலத்தில் அடிபம்பிலும் லாரியிலும் தண்ணீர் பிடித்து, இடுப்பில் குடத்தோடு இரண்டு மாடி ஏறினார்கள். அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனார்கள். மாவு அரைப்பது வாரம் இரண்டு முறை நடக்கும் உடற்பயிற்சி. பிறகு கிரைண்டர் வந்தது, அதன் பிறகு பாக்கெட் மாவு. எங்கள் வீட்டு ஆட்டுக்கல் இப்போது மொட்டை மாடியில் துளசித் தொட்டிக்கு முட்டுக்கொடுத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு மாடி வீடு இடிபட்டு ஐந்து மாடிக் குடியிருப்பாகி, முதல் மாடிக்கும் லிஃப்ட் வந்துவிட்டது. தெருமுனைக் கடைக்கு ஸ்கூட்டர். அதற்கும் சோம்பினால் கொத்தமல்லிக் கட்டுகூட வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது. பழைய உழைப்பு நின்றுவிட்டது, பழைய சோற்றளவு நிற்கவில்லை.

மேலே 'தசையின் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டு' என்று ஒரு நிபந்தனை இருக்கிறதே, அதைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பயன்படாத தசை வயதோடு மெல்லக் கரைகிறது. முப்பதுக்குப் பிறகு பத்தாண்டுக்கு 3 முதல் 8 சதவீதம் என்று மருத்துவ நூல்கள் கணக்குச் சொல்கின்றன. அறுபதுக்குப் பிறகு வேகம் கூடும். தசை குறையக் குறைய உடலின் மொத்தச் செலவும் குறைகிறது. எடை அப்படியே இருக்கும்போதே உள்ளே தசை போய், அந்த இடத்தில் கொழுப்பு குடியேறிவிடலாம். பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தில், நம் நாட்டில் சராசரியாக 46, 47 வயதில், ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் குறைவதால் இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்துகொண்டிருந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் திரும்புகிறது. 'குழந்தை பெற்ற வயிறு' என்று இருபது ஆண்டு கழித்தும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் இதையும் நினைவில் கொள்ளலாம்.

ஒல்லியான குண்டர்கள்

நம் உடம்புக்கு இன்னொரு விசித்திரம் உண்டு. 2004இல் 'லான்செட்' இதழில் இரண்டு மருத்துவ ஆய்வாளர்கள் தங்கள் படங்களையே அருகருகே வைத்து வெளியிட்டார்கள். ஒருவர் புனேயைச் சேர்ந்த யாஜ்னிக், மற்றவர் லண்டனைச் சேர்ந்த யுட்கின். உயரத்துக்கும் எடைக்குமான விகிதமான பிஎம்ஐ இருவருக்கும் 22.3. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்கின் உடலில் 21.2 சதவீதம். அதே எடைக்குள் நம்மவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. அதனால்தான் இந்தியர்களுக்கு பிஎம்ஐ 23ஐத் தொட்டாலே அதிக எடை, 25ஐத் தொட்டால் உடல் பருமன் என்று எல்லையை இறக்கி வைத்திருக்கிறார்கள். உலக அளவில் அந்த எல்லைகள் 25, 30.

அதைவிட எளிய அளவுகோல் தையற்காரரின் டேப். விலா எலும்பின் கீழ்விளிம்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே இருக்க வேண்டும். பேன்ட் அளவை வைத்துச் சமாதானம் சொல்லக் கூடாது. தொப்பைக்குக் கீழே பெல்ட்டை இறக்கிக் கட்டிக்கொண்டு "இருபது வருடமாக முப்பத்திநாலுதான்" என்று பெருமைப்படும் நண்பர்கள் எனக்கு நிறைய உண்டு.

இந்த வயிற்றுக் கணக்கை நாடு முழுவதும் எடுத்தவர்கள் சென்னைக்காரர்கள் என்பது ஒரு சுவையான செய்தி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துக்காகச் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்து 2023இல் வெளிவந்த 'இண்டியாப்' ஆய்வின்படி, இந்தியாவில் வயது வந்தவர்களில் 11.4 சதவீதம் பேருக்கு நீரிழிவு. பிஎம்ஐ கணக்கில் பருமனானவர்கள் 28.6 சதவீதம், வயிற்றுச் சுற்றளவுக் கணக்கில் 39.5 சதவீதம். இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் நிற்கும் பலர், எடை பார்த்துவிட்டு 'நாம் சரியாகத்தான் இருக்கிறோம்' என்று நிம்மதியாக வீடு திரும்புகிறவர்கள்.

எடை குறையவில்லை, நோய் குறைந்தது

நீரிழிவுக்கெனத் தனி மருத்துவமனை 1954லேயே ராயபுரத்தில் மருத்துவர் எம். விஸ்வநாதனால் தொடங்கப்பட்ட ஊர் இது. அந்தப் பாரம்பரியத்தில் வந்த மருத்துவர் ஏ. ராமச்சந்திரனின் குழு, 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்' என்ற ஆய்வின் முடிவுகளை 2006இல் வெளியிட்டது. இது நம்மூரில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

சர்க்கரை நோயின் வாசலில் நின்றுகொண்டிருந்த 531 பேரை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவுக்கு வாழ்க்கைமுறை மாற்றம்: நாளுக்கு அரை மணி நேரம் நடப்பது, சர்க்கரையையும் தீட்டிய தானியத்தையும் எண்ணெயையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது. மூன்றாவது பிரிவுக்குச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் மெட்ஃபார்மின் மாத்திரை. நான்காவதற்கு இரண்டும். மூன்று ஆண்டு முடிவில், வழக்கமான ஆலோசனை பெற்றவர்களில் 55 சதவீதம் பேர் நீரிழிவுக்காரர்கள் ஆகிவிட்டார்கள். வாழ்க்கைமுறையை மாற்றியவர்களில் அது 39.3 சதவீதம். மாத்திரைப் பிரிவுக்கும் கிட்டத்தட்ட அதே பலன்தான். இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்கும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

வியப்பு அடுத்ததில் இருக்கிறது. வாழ்க்கைமுறையை மாற்றியவர்களின் சராசரி எடை குறிப்பிடத்தக்க அளவு குறையவே இல்லை. எடை இயந்திரத்தை மட்டும் நம்பியிருந்தால் அத்தனை பேரும் 'தோற்றவர்கள்'. நடை, சாப்பாட்டு மாற்றம் ஆகியவற்றின் பலன் உடம்புக்குள் வேறு வழியாக வேலை செய்திருக்கிறது. ஆறு மாதம் ஒழுங்காக நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லை என்று சலித்து விட்டுவிடுகிறவர்களை வாரத்துக்கு ஒருவராவது சந்திக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் ஒரே ஆயுதம் இந்தச் சென்னை ஆய்வுதான்.

"இந்த வயதில் இனி என்ன மாறப்போகிறது?" என்பவர்களுக்கான ஆயுதம் அமெரிக்காவில் இருக்கிறது. அங்கே 2002இல் வெளியான பெரிய நீரிழிவுத் தடுப்பு ஆய்வில் 3,234 பேர் பங்கேற்றார்கள். எடையில் 7 சதவீதம் குறைப்பதும் வாரம் 150 நிமிடம் உடலுழைப்பும் இலக்கு. வாழ்க்கைமுறைப் பிரிவில் நீரிழிவு வரும் வாய்ப்பு மொத்தத்தில் 58 சதவீதம் குறைந்தது. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் மட்டும் பார்த்தால் 71 சதவீதம். இளையவர்களைவிடப் பெரியவர்களுக்குத்தான் பலன் அதிகம்.

கீழே உட்கார்ந்து எழ முடிகிறதா?

இனி தேய்வதைப் பற்றி. உடம்பு எடை குறையும்போது கொழுப்பை மட்டும் பொறுக்கி எடுத்துச் செலவழிப்பதில்லை. குறைகிற ஒவ்வொரு நாலு கிலோவிலும் ஏறக்குறைய ஒரு கிலோ கொழுப்பல்லாத திசுவாக, பெரும்பாலும் தசையாக இருக்கலாம். முதுமையில் அந்த ஒரு கிலோ எளிதில் திரும்பி வராது. எடை மறுபடி ஏறினால், ஏறுவது பெரும்பாலும் கொழுப்பு. நான்கு முறை இளைத்து நான்கு முறை பருத்தவர், அதே 75 கிலோவில் முன்பைவிட நோஞ்சானாக நிற்பது இப்படித்தான்.

2011இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு இதைத் துல்லியமாகக் காட்டியது. 65 வயதைத் தாண்டிய, உடல் பருமன் கொண்ட 107 பேர், ஓராண்டு. சாப்பாட்டை மட்டும் குறைத்தவர்கள் 10 சதவீத எடையைக் குறைத்தார்கள். சாப்பாட்டைக் குறைத்து உடற்பயிற்சியும் செய்தவர்கள் 9 சதவீதம். எடை இயந்திரத்தின் தீர்ப்பில் முதல் பிரிவுக்குத்தான் வெற்றி. உள்ளே பார்த்தால் முதல் பிரிவினர் கொழுப்பல்லாத திசுவில் 5 சதவீதத்தை இழந்திருந்தார்கள், இரண்டாம் பிரிவினர் 3 சதவீதம். இடுப்பெலும்பின் அடர்த்தியில் முதல் பிரிவுக்கு ஏறக்குறைய 3 சதவீத இழப்பு, இரண்டாம் பிரிவுக்கு 1 சதவீதம். குளியலறையில் வழுக்கினால் இடுப்பு முறியுமா இல்லையா என்பதை நிர்ணயிக்கும் எண்கள் இவை.

பலர் 'ராத்திரி வெறும் இரண்டு வாழைப்பழம்' என்று தொடங்குவது ஆபத்தாகத் தோன்றுவதற்கு இதுதான் காரணம். மூன்று மாதத்தில் ஆறு கிலோ குறையும். முகம் ஒட்டும், தோள் இறங்கும், தொப்பை மட்டும் அசையாமல் இருக்கும்.

தசையை எந்த வயதிலும் வளர்க்கலாம் என்பதுதான் இதில் நல்ல சேதி. 1990இல் பாஸ்டனில் முதியோர் இல்லம் ஒன்றில், சராசரியாகத் தொண்ணூறு வயதான பத்து பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறில் முடிந்தது அறுபதில் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வலிமையை அளக்க ஆய்வகம் வேண்டாம். பிரேசிலில் 51 முதல் 80 வயது வரையுள்ள 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். கையை ஊன்றினால், முட்டியைப் பிடித்தால் மதிப்பெண் குறையும். 2012இல் வெளியான முடிவின்படி, குறைந்த மதிப்பெண் பெற்றவர்கள் அடுத்த சில ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு, நன்றாக எழுந்தவர்களைவிடப் பல மடங்கு அதிகம். இந்தத் தேர்வை நம் முன்னோர்கள் தினம் பத்து முறை எழுதினார்கள். பந்தி, பூஜை, அரிவாள்மணை, கோலம், கழிப்பறை எல்லாமே தரையில்தான். இப்போது பந்திக்கு மேசை, அரிவாள்மணைக்குப் பதில் கத்தி, கழிப்பறை நாற்காலி உயரத்துக்கு வந்துவிட்டது. முட்டி தேய்ந்தவர்களுக்கு அது வரம்தான், மறுப்பதற்கில்லை. முட்டி நன்றாக இருப்பவர்களும் ஒரு நாளில் ஒரு முறைகூடத் தரையைத் தொடாமல் இருப்பதுதான் கவலை.

ஜிம் எதுவும் வேண்டாமா என்றால், போகிறவர்கள் போகலாம். நானும் போனேன். 'முப்பது நாளில் பத்து கிலோ' என்று வாசலில் எழுதியிருந்த இடம். இருபத்து மூன்று வயதுப் பயிற்சியாளர் முதல் நாளே என்னைக் குதிக்கச் சொன்னார். மூன்றாம் நாள் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டில் கிடந்தேன். பிறகு நான் கற்றுக்கொண்டது எளியது. கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்வது, பத்துப் பத்தாக. முட்டி வலித்தால் நாற்காலியில் தலையணை போட்டு உயரத்தைக் கூட்டலாம். சுவரில் கை ஊன்றித் தண்டால். பால் பொங்குவதற்குக் காத்திருக்கும்போது குதிகாலைத் தூக்கி நிற்பது. இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தலைக்கு மேல் தூக்குவது. எளிதாகிவிட்டால் எடையைக் கூட்ட வேண்டும். எளிதாகவே செய்துகொண்டிருந்தால் தசைக்கு வளர வேண்டிய காரணம் இருக்காது. தசைக்கான பயிற்சி வாரத்தில் இரண்டு நாளாவது வேண்டும் என்பதும், 65க்கு மேல் சமநிலைப் பயிற்சியையும் சேர்த்து மூன்று நாள் என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல்.

தட்டில் என்ன குறைகிறது

சென்னைச் சாப்பாட்டின் பிரச்சினையை எல்லாரும் 'அதிகம்' என்றே பார்க்கிறோம். குறைவாக இருப்பது என்ன என்று யாரும் கேட்பதில்லை. 65 கிலோ எடையுள்ள ஒருவர் முதுமையில் தசையைக் காப்பாற்ற நாளுக்கு 65 கிராம் புரதமாவது எடுக்க வேண்டும். கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்பது முதியோருக்கான பரிந்துரை. இப்போது ஒரு சைவக் குடும்பத்து நாளை எடுத்துக்கொள்வோம். காலையில் மூன்று இட்லி, சட்னி, தண்ணீர்ச் சாம்பார்: எட்டு ஒன்பது கிராம். மதியம் சோறு, சாம்பார், ரசம், பொரியல், மோர்: பதினாறு பதினேழு. இரண்டு காபியின் பால்: ஆறு ஏழு. இரவு மூன்று தோசை: எட்டு. கூட்டிப் பார்த்தால் 40ஐத் தாண்டுவதே பெரும்பாடு. எடை குறைக்கிறேன் என்று இதிலும் பாதியைக் கழித்தால் 20 கிராம். தேயாமல் என்ன செய்யும்?

'இண்டியாப்' ஆய்வின் உணவுப் பகுதி 2025இல் வெளியானது. இந்தியர்களின் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது அது. சென்னையின் அந்தரங்க நம்பிக்கை ஒன்றையும் அது உடைத்தது. அரிசிக்குப் பதில் கோதுமையோ சிறுதானியமோ சாப்பிடுவதால் மட்டும் நீரிழிவு ஆபத்து குறைவதில்லை. மொத்த மாவுச்சத்தைக் குறைத்து அந்த இடத்தில் பருப்பு, பால், முட்டை, மீன் போன்றவற்றின் புரதம் வந்தால்தான் குறைகிறது. மருத்துவர் சொன்னார் என்று பத்தாண்டுகளாக இரவில் நாலு சப்பாத்தி சாப்பிடும் அன்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நெய்யில் மிதக்கும் சாமைப் பொங்கல்காரர்களும்தான்.

இதற்காக யாரும் நம் சமையலைக் கைவிட வேண்டியதில்லை. அதற்குள்ளேயே வழி இருக்கிறது. தோசைக்குப் பதில் பருப்பு தூக்கலான அடை. நாலு மணிக்கு முறுக்கு இருக்கும் இடத்தில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். வேகவைத்த 100 கிராமில் எட்டு ஒன்பது கிராம் புரதம். முட்டை ஒன்றில் 6 கிராம். மீன் 100 கிராமில் 20 வரை; காசிமேட்டில் சல்லிசாகக் கிடைக்கும் நெத்திலியும் அதற்குக் குறைந்ததில்லை. சாம்பாரில் பருப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்ற பழமொழியில் உண்மை உண்டு: கொள்ளில் 100 கிராமுக்கு 22 கிராம் அளவுக்குப் புரதம், நார்ச்சத்தும் நிறைய. ஆனால் கொள்ளைச் சுண்டலாகத் தின்றவனைப் பார்த்துச் சொன்ன பழமொழி அது. வடிகட்டிய ரசத்தில் மிளகு வாசனைதான் மிஞ்சும். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

குறைக்க வேண்டியதில் முதலாவது கண்ணில் படாமல் போவது. டம்ளருக்கு இரண்டு கரண்டிச் சர்க்கரை போட்டு மூன்று காபி என்றால் நாளுக்கு 25 முதல் 30 கிராம் சர்க்கரை. இந்த ஊரில் காபியை நிறுத்தச் சொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை. வாரம் அரைக் கரண்டியாகச் சர்க்கரையை இறக்கினால் இரண்டு மாதத்தில் நாக்கு ஒப்புக்கொள்ளும். எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தாளிக்கும் கை பழக்கத்தில் ஊற்றுகிறது, அளந்து ஊற்றுவதில்லை. சோற்றைப் பொறுத்தவரை என் அனுபவம் ஒன்று: முதலில் காய், பருப்பு, கூட்டு ஆகியவற்றைத் தட்டில் போட்டுக்கொண்டு மிச்ச இடத்தில் சோறு போட்டால் அளவு தானாகச் சுருங்கிவிடும். வரிசையை மாற்றுவதுதான், பட்டினி இல்லை.

வீட்டில் சமைப்பவருக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். எல்லாரும் சாப்பிட்ட பிறகு, வீணாகக் கூடாதே என்று மிச்சச் சோற்றைப் போட்டுக்கொள்வதும், காய் தீர்ந்துவிட்டதால் ஊறுகாயோடு முடிப்பதும் இன்னும் பல வீடுகளில் நடக்கிறது. மாவுச்சத்து மிகுந்து, புரதம் இல்லாமல் போவதற்கு இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. அறுபது வயது அம்மாவுக்கு நடைப்பயிற்சிக்கான ஷூ வாங்கித் தரும் பிள்ளைகள், அவர் தட்டில் கடைசியாக என்ன விழுகிறது என்று ஒரு நாள் பார்த்தால் நன்றாக இருக்கும்.

லஸ்ஸில் ஒரு காலை

நடப்பதைச் சாதாரணமாக எண்ணவில்லை. லஸ் நாகேஸ்வரராவ் பூங்காவில் காலை ஆறு மணிக்கு நடப்பவர்களைப் பார்த்தாலே எனக்கு உற்சாகம் வருகிறது. சிரிப்பும் வருகிறது. நாற்பது நிமிட நடைக்குச் செலவாவது ஏறக்குறைய 150 கலோரி. வெளியே வந்ததும் அருகம்புல் சாறு, அதன் பிறகு நண்பர்களோடு நெய்ப் பொங்கல், வடை, காபி. அந்தத் தட்டு நடையின் செலவைப் போல மூன்று மடங்குக்குக் குறையாது. நடையின் பலன் இதயத்துக்கு, சர்க்கரைக்கு, தூக்கத்துக்கு, பேச்சுத் துணைக்கு. எடை குறைப்பதில் அதன் பங்கு நாம் நினைப்பதைவிடச் சிறியது.

தினமும் 10,000 அடி என்ற இலக்கும் 1965இல் ஜப்பானில் ஓர் அடி எண்ணும் கருவியை விற்க வைத்த பெயரிலிருந்து பரவியது. சராசரியாக 72 வயதான சுமார் 16,700 பெண்களைத் தொடர்ந்து 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், 4,400 அடிகளிலேயே இறப்பு ஆபத்து கணிசமாகக் குறைந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. 2023 நவம்பரில் தமிழக அரசு மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை அறிவித்து, சென்னையில் பெசன்ட் நகரில் தொடங்கியது. நல்ல காரியம். புதிதாகத் தொடங்குபவர் எட்டையும் நடக்க வேண்டியதில்லை. முட்டிவலிக்காரர்களுக்கு ஒரு தகவல்: உடலில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் மேல் இறங்கும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. கத்திரி வெயிலில் ஆறரைக்குள் முடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சென்னை நடைபாதைகளை நம்பி இருட்டில் இறங்குவதைவிட, குடியிருப்பின் படிக்கட்டே பத்திரம்.

மருந்துகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. பசியைக் குறைத்து எடையைக் குறைக்கும் ஊசி மருந்துகளான மௌன்ஜாரோ 2025 மார்ச்சிலும் வெகோவி ஜூனிலும் இந்தியச் சந்தைக்கு வந்த பிறகு, ஊசியைப் பற்றிய விசாரிப்பு பூங்கா பெஞ்சு வரை வந்துவிட்டது. வேலை செய்யும் மருந்துகள்தான். மௌன்ஜாரோவின் பெரிய ஆய்வில் அதிக அளவு மருந்தை எடுத்தவர்கள் 72 வாரத்தில் ஐந்தில் ஒரு பங்கு எடையைக் குறைத்தார்கள். குறைந்ததில் கால் பங்கு அங்கேயும் கொழுப்பல்லாத திசுதான். ஊசியை நிறுத்தினால் எடை பெருமளவு திரும்புகிறது. பசியே இல்லாத அறுபத்தைந்து வயதுக்காரர் புரதமும் எடுக்காமல், தசைப் பயிற்சியும் செய்யாமல் ஊசி போட்டுக்கொண்டால் எங்கே போய் நிற்பார் என்பதை மேலே படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர்கள் எதையும் தொடங்குவதற்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இன்சுலினோ, சர்க்கரைக்கான கிளிமெபிரைடு வகை மாத்திரையோ எடுப்பவர் சோற்றைக் குறைத்து நடையைக் கூட்டினால் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, நடுங்கி, தெருவிலேயே விழலாம். எடை குறையும்போது ரத்த அழுத்த மாத்திரையின் அளவும் அதிகமாகிவிடக்கூடும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். முதியோருக்கெனத் தனி மருத்துவப் பிரிவு இந்தியாவிலேயே முதலில் 1978இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில்தான் மருத்துவர் வி.எஸ். நடராஜன் தலைமையில் தொடங்கியது. 2024 பிப்ரவரியிலிருந்து கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையமும் இயங்குகிறது. போகும்போது மாத்திரைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், பக்கத்து வீட்டுக்காரர் சொல்லி வாங்கிய சூரணம் உட்பட.